பில் விதர்ஸின் முதல் அல்பம்: கேட்டவர்கள் வாருங்கள், கதைப்போம்

அளவெட்டியான் எழுதியது:

எங்கள் கருத்துக்களத்தின் இந்தப் பகுதியில் சினிமாப் பாட்டுக்கு இழை இருக்கிறது, கர்நாடக சங்கீதத்துக்கு இருக்கிறது, எங்கள் பொப் பாட்டுக்கும் இருக்கிறது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைக்கு ஒன்றும் இல்லை. ஒரே ஒரு அல்பத்தை எடுத்துக் கதைப்போம். அமெரிக்கப் பாடகர் பில் விதர்ஸ் 1971 இல் வெளியிட்ட ‘ஜஸ்ட் அஸ் ஐ ஆம்’. ‘நான் இருக்கிறபடியே’ என்று தமிழில் சொல்லலாம்.

முதலில் அட்டைப் படத்தைப் பாருங்கள். கையில் சாப்பாட்டுப் பெட்டியோடு ஒரு மனிதர் சுவரோரம் நிற்கிறார். வேடம் போட்டு எடுத்த படம் இல்லை அது. கலிபோர்னியாவில் விமானங்களுக்கு மலசலகூட இருக்கை செய்கிற தொழிற்சாலை ஒன்றில் அவர் வேலை செய்தார். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில் அங்கேயே எடுத்த படம்.

பிறந்தது 1938 இல், மேற்கு வேர்ஜினியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில். சின்ன வயதில் இருந்தே திக்கித் திக்கித்தான் கதைப்பார். 13 வயதில் தகப்பனை இழந்தார். பிறகு 9 வருடங்கள் கடற்படை. ஒருநாள் ஒரு கிளப்பில் லூ றோல்ஸின் பாட்டுக் கேட்கப் போயிருக்கிறார். பாடகர் நேரத்துக்கு வரவில்லை. கிழமைக்கு 2000 டொலர் கொடுக்கிறேன், இன்னும் ஆளைக் காணவில்லையே என்று கிளப்காரர் புலம்புவதைக் கேட்டாராம். இவருக்கு அப்போது மணித்தியாலத்துக்கு 3 டொலர் சம்பளம். அதற்குப் பிறகுதான் அடகுக் கடையில் மலிவான கிற்றார் ஒன்றை வாங்கி, வேலை முடிந்த நேரங்களில் தானாகவே பழகினார். 1967 இல் லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அல்பம் வெளிவந்தபோது வயது 32.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால், எனக்கு 35 வயது. பகலில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறேன். பாட்டுக் கொப்பியில் 11 பாட்டுகள் இருக்கின்றன, எல்லாம் நானே எழுதி மெட்டுப் போட்டவை. போன வருடம் காசு சேர்த்து ஒரு ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். எந்த இடம் என்று சொல்லப் போவதில்லை. என் குரலை மெசினால் நேராக்கினார்கள், கீபோர்ட் வயலின் போட்டார்கள், ‘இந்த இடத்தில் கொஞ்சம் சினிமா மாதிரி இழுத்துப் பாடுங்கோ’ என்றார்கள். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் அது நான் இல்லை. இரண்டாம் தரம் கேட்கவே மனம் வரவில்லை.

பிறகு இந்த அல்பத்தைக் கேட்டேன். அந்த மனிதரை யாரும் திருத்தவில்லை என்பதுதான் எனக்கு முதலில் காதில் விழுந்தது.

நாலுகம்பி எழுதியது:

தம்பி, நல்ல இழை. 30 வருடத்துக்கு மேலாக பேஸ் கிற்றார் வாசிக்கிறவன் நான். கோயில் மேடை, கலியாண வீடு எல்லாம் பார்த்தாயிற்று. நீர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் பாதிக் கதையை விட்டுவிட்டீர்.

அவரைச் சுற்றி நின்றவர்கள் யார் என்று பாரும். தயாரித்தவர் புக்கர் ரி. ஜோன்ஸ். பேஸ் கிற்றார் டக் டன். ட்ரம்ஸில் அல் ஜாக்சன், வேறு சில பாட்டுகளுக்கு ஜிம் கெல்ட்னர். ஜோன்ஸ், டன், ஜாக்சன் மூவரும் மெம்பிஸில் ஒரே குழுவில் இருந்தவர்கள். ஓடிஸ் றெடிங் போன்ற பாடகர்களுக்குப் பின்னால் வாசித்துப் பழகிய கைகள். அந்தக் குழுவின் கிற்றார்காரர் மட்டும் இங்கே இல்லை. அந்த இடத்தில் ஸ்ரீபன் ஸ்ரில்ஸ்.

இப்படி நாலு பேர் கிடைத்தால் யாரும் நல்ல அல்பம் செய்யலாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பாடுகிறவனுக்கு எங்கே இடம் விட வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள். டன் அந்தப் பாட்டுகளில் எத்தனை சுரங்களை வாசிக்காமல் விட்டிருக்கிறார் என்று பேஸ் பழகுகிறவர்கள் ஒருக்கால் கவனமாகக் கேட்க வேண்டும். என்னிடம் பழக வரும் பெடியன்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான். விரல் வேகம் பிறகு வரும்.

உம்முடைய கூடத்தில் இருந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

வட்டுக்கோட்டைக்காரி எழுதியது:

அல்பத்தின் பெயரைக் கண்டதும் நின்றுவிட்டேன். ஷார்லட் எலியட் என்ற ஆங்கிலேயப் பெண் 1835 இல் எழுதிய ஞானப்பாட்டின் தொடக்கமும் இதே சொற்கள்தான். எங்கள் பக்கத்து ஆலயங்களில் அதைத் தமிழில் பாடாத ஆள் இல்லை. 1816 இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்த காலம் தொட்டு இப்படி எத்தனையோ பாட்டுகள் எங்கள் அம்மம்மாமாரின் வாயில் தமிழாகிவிட்டன. விதர்ஸ் அதை நினைத்துத்தான் பெயர் வைத்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆலயத்தில் வளர்ந்த காதுக்கு அந்தப் பெயர் அப்படித்தான் கேட்கும்.

‘கிராண்ட்மாஸ் ஹான்ட்ஸ்’ பற்றி ஏன் இன்னும் ஒருவரும் எழுதவில்லை? எனக்கு இந்த அல்பம் என்றால் அந்தப் பாட்டுத்தான். தாயின் தாயைப் பற்றிப் பாடுகிறார். எங்கள் கணக்கில் அம்மம்மா. ஞாயிறு காலையில் ஆலயத்தில் தட்டிய கை, தம்பூரின் அடித்த கை, அவரை அடிவிழாமல் காத்த கை, வலியில் வீங்கிய கை. அம்மம்மாவின் முகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. கையை மட்டும் பாடி முடித்துவிடுகிறார். இரண்டு நிமிடம்தான்.

எங்கள் ஆலயத்தில் கை தட்ட மாட்டார்கள். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்று பாடுவோம். ஆனால் என் அம்மம்மாவின் கை எனக்கு வடிவாக ஞாபகம் இருக்கிறது. பனையோலைப் பெட்டி இழைத்து இழைத்து விரல் நுனிகள் வெடித்திருக்கும். காய்ச்சல் நேரம் நெற்றியில் அந்தக் கையை வைத்தால் சொரசொரவென்று இருக்கும், ஆனால் எடுக்க விடமாட்டேன். இந்தப் பாட்டை முதன்முதல் கேட்ட இரவு சொற்கள் எல்லாம் விளங்கவில்லை. பாட்டைத் தொடங்குகிற அந்த முனகலிலேயே எனக்கு விளங்கிவிட்டது.

அளவெட்டியான் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு மறுபடியும் அந்தப் பாட்டைப் போட்டேன். முனகல் என்று சொன்னீர்களே, அதைத்தான் 1996 இல் அமெரிக்காவில் ஒரு குழு வெட்டி எடுத்துத் தங்கள் பாட்டுக்கு அடித்தளமாகப் போட்டு உலகம் முழுக்க ஓடவிட்டது. 25 வருடத்துக்குப் பிறகும் ஒரு முனகலுக்கு அந்தப் பலம் இருந்திருக்கிறது.

நாலுகம்பி அண்ணை சொன்னதும் சரி. அண்ணை சொன்னதற்குச் சாட்சியாக ஒரு சம்பவம். புக்கர் ரி. பிறகு சொன்ன கதை இது. முதல் நாள் விதர்ஸ் தொழிற்சாலையில் இருந்து நேராக, வேலைச் சப்பாத்தோடும் பாட்டுக் கொப்பியோடும் ஒலிப்பதிவுக்கு வந்திருக்கிறார். உள்ளே இருக்கிற வாத்தியக்காரர்களைப் பார்த்துவிட்டு, புக்கரைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தப் பாட்டுகளை யார் பாடப் போகிறார் என்று கேட்டாராம். வேறு யாரோ பாடகர் வருவார் என்று நினைத்திருக்கிறார். நீர்தான் பாடப் போகிறீர் என்று புக்கர் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று. பாடகர் கிரஹாம் நாஷ் அந்தக் கூடத்துக்கு வந்தவர், விதர்ஸுக்கு நேர் முன்னால் உட்கார்ந்து, நீர் எவ்வளவு நல்லாகப் பாடுகிறீர் என்று உமக்கே தெரியாது என்று தைரியம் சொல்லியிருக்கிறார். எனக்குப் பாடச் சொல்லித் தந்த ஒருவர்கூட இப்படி எனக்கு முன்னால் உட்கார்ந்ததில்லை. எல்லாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

காங்கேசன் எழுதியது:

அட்டைப் படத்துக்கு ஒருக்கால் திரும்பிப் போகலாமா.

என் அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 1950 இல் தொடங்கி 1990 இல் நின்றுபோன தொழிற்சாலை. இப்போது இளம் ஆட்களுக்கு அது ஒரு இடிந்த கட்டடம். எங்களுக்கு அது சங்குச் சத்தம். ஒரு சங்குக்கு அம்மா உலை வைப்பா, இன்னொரு சங்குக்கு அடுப்பை அணைப்பா. ஊர் முழுக்க அந்தச் சத்தத்தில்தான் நடந்தது. அப்பாவின் சாப்பாட்டுப் பெட்டியை வாசல் வரை கொண்டு போய்க் கொடுத்தது நான்தான். புருவத்தில் சீமெந்துத் தூள் இருக்கும்.

அப்பா காத்தவராயன் கூத்துப் பாடுவார். வேலை முடிந்து குளித்துவிட்டு, பின்னேரம் பழகப் போவார். கூத்து நாள் வந்தால் விடிய விடியப் பாடிவிட்டு அடுத்த நாள் காலை வேலைக்குப் போவார். அவரோடு பாடியவர்கள் தோட்டக்காரர், மேசன், கடலுக்குப் போகிறவர். ஒருவருக்கும் குரல் நேராக இருக்காது. ஆனால் சின்னானோ காத்தானோ மேடைக்கு வந்து முதல் அடியைத் தொடங்கினால் பாயில் படுத்திருந்த பிள்ளைகள் எழும்பிவிடும்.

தம்பி அளவெட்டியான், வேலைக்குப் போகிற மனிதன் பாடுவது எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன். அந்த அட்டைப் படத்தை முதன்முதல் பார்த்தபோது எனக்குப் பாடகர் தெரியவில்லை. சங்கு ஊதுவதற்குக் காத்து நிற்கிற ஆளைத்தான் தெரிந்தது.

மூன்றாம்காலம் எழுதியது:

நான் மருதனார்மடத்தில் வாய்ப்பாட்டுப் படிக்கிறேன். மேலைத்தேய இசையில் பழக்கம் குறைவு. இந்த இழையைப் பார்த்து நேற்றுத்தான் முதன்முதல் கேட்டேன். தெரிந்ததை எழுதுகிறேன், பிழை என்றால் சொல்லுங்கள்.

அல்பத்தில் உள்ள ‘எயின்ற் நோ சன்ஷைன்’ (வெயிலே இல்லை) பாட்டின் மெட்டு என் காதுக்குச் சுத்த தன்யாசி ராகத்துக்கு மிகக் கிட்ட இருக்கிறது. ஐந்தே சுரம். கமகம் எங்கள் முறையில் இல்லை, ஆனால் நிஷாதத்தில் இருந்து சட்சத்துக்கு அவர் வழுக்கிப் போகிற விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்னிசை ஒன்றும் இல்லை. குரல் முதலில் தொடங்குகிறது, வாத்தியங்கள் பிறகுதான் வந்து சேர்கின்றன. சுருதிப் பெட்டிகூட இல்லாமல் ஒருவர் விருத்தம் எடுக்கிற மாதிரி இருந்தது.

நடுவில் ‘எனக்குத் தெரியும்’ என்ற பொருளில் இரண்டு சொற்களைத் திரும்பத் திரும்பப் பாடுகிறார். எண்ணிப் பார்த்தேன், 26 தரம். ஒரே வரியை விதம் விதமாக விரித்துப் பாடுகிற நிரவல் என்று சொல்ல முடியாது, மெட்டும் பெரிதாக மாறவில்லை. ஆனாலும் அலுக்கவில்லை. ஏன்?

நாலுகம்பி எழுதியது:

பிள்ளை, அருமையாகக் கேட்டிருக்கிறீர். அந்த 26 க்கு ஒரு காரணம் இருக்கிறது.

அந்த இடத்தில் இன்னும் சொற்கள் எழுதி நிரப்பத்தான் விதர்ஸ் நினைத்திருந்தார். பதிவு நேரத்தில் இடத்தைப் பிடித்து வைப்பதற்காகவே அந்த இரண்டு சொற்களைப் பாடினார். கூட இருந்தவர்கள், இதை இப்படியே விடு என்றார்கள். அவர்கள் அனுபவசாலிகள், நான் தொழிற்சாலை ஆள், அவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டதாக அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

ஏன் அலுக்கவில்லை என்றால், அந்த இடத்தில் கிற்றாரும் பேஸும் நின்றுவிடும். குரலும் அல் ஜாக்சனின் தட்டும்தான். பிடித்துக்கொள்ள வேறு ஒன்றும் இல்லாமல் குரல் தனியாக நடக்கிறது. மூச்சு எங்கே எடுக்கப் போகிறார் என்று நாங்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. 1991 வாக்கில் எங்களுக்குக் கரண்ட் இல்லை, பற்றறிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் கேட்ட காலம். கொழும்பில் இருந்து வந்த மச்சான் ஒருவன் கொண்டு வந்த கசற்றில் இந்தப் பாட்டு இருந்தது. பெடலை மெதுவாகச் சுற்றினால் பாட்டும் இழுபடும், குரல் கீழே போகும். வேகமாகச் சுற்றினால் கீச்சிடும். அந்த 26 வரும்போது சுற்றுகிறவன் கை தளரக் கூடாது என்பது எங்களுக்குள் சட்டம். நாங்கள் எண்ணிக்கொண்டே சுற்றுவோம். என் தம்பிதான் நிதானமாகச் சுற்றுவான். தாளம் என்றால் என்ன என்று நான் படித்தது அந்தப் பெடலில்தான்.

95 இல் யுத்தத்தால் வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளிக்கிட்டபோது கசற்றும் போயிற்று. பல வருடம் கழித்துச் சரியான வேகத்தில் கேட்டால் பாட்டு நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் உயரமாக இருந்தது. தம்பி எப்போதும் கொஞ்சம் மெதுவாகச் சுற்றியிருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. அவன் இப்போது இல்லை.

வட்டுக்கோட்டைக்காரி எழுதியது:

அண்ணை, வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

காங்கேசன் எழுதியது:

நானும்தான்.

பனிக்காடு எழுதியது:

நான் கோப்பாய், இப்போது நோர்வேயில். எதிர்க் கருத்து ஒன்று சொல்ல விடுங்கள். ‘திருத்தவில்லை, அப்படியே விட்டார்கள்’ என்று எல்லாரும் எழுதுகிறீர்கள். ஆனால் ‘எயின்ற் நோ சன்ஷைன்’ பாட்டில் வயலின்கள் இருக்கின்றனவே? புக்கர் ரி. தானே அதை ஒழுங்கு செய்து போட்டார். அல்பத்தின் 12 பாட்டில் இரண்டு மற்றவர்களுடையவை. ஒன்று பீற்றில்ஸின் ‘லெற் இற் பீ’. அதுவும் அப்போது எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்த பாட்டு. விற்பனையை நினைக்காமல் செய்த அல்பம் என்று சொல்ல முடியாது.

அளவெட்டியான் எழுதியது:

நியாயமான கேள்வி. வயலின் இருக்கிறது என்பது உண்மை. நான் சொல்ல வந்தது வயலின் கூடாது என்று இல்லை. அந்த வயலின் எங்கே வருகிறது என்று கேளுங்கள். அவர் ஒரு வரி பாடி முடித்த பிறகு, அந்த வெறுமைக்குள் வருகிறது. குரலுக்கு மேலே ஏறி நிற்கவில்லை. எனக்குப் போட்ட கீபோர்ட் வயலின் என் சொற்களை மூடிவிட்டது. இரண்டும் வயலின்தான், வேலை வேறு.

‘லெற் இற் பீ’ பற்றி: அவர் அதை ஆலயத்துப் பாட்டாக மாற்றிவிட்டார் என்று எனக்குப் படுகிறது. வட்டுக்கோட்டை அக்காதான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பணம் தாராளமாக இருந்த வேலை இல்லை அது. சசெக்ஸ் என்ற சின்னக் கம்பெனி, நடத்தியவர் கிளாரன்ஸ் அவான்ற். மூன்று மணித்தியாலப்படி நாலு அமர்வு திட்டம் போட்டார்கள். காசு போதாமல் மூன்றோடு முடித்தார்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் ஆறு மாத இடைவெளி. அதாவது முழு அல்பமும் ஏறக்குறைய 9 மணித்தியாலத்தில் பாடியது. என்னை அன்று ஒரு பாட்டுக்கு இரண்டு நாள் வைத்திருந்தார்கள்.

வட்டுக்கோட்டைக்காரி எழுதியது:

தீர்ப்பு என்று பெரிதாகச் சொல்லாதேயும் தம்பி. ஆம், அது ஆலயத்துப் பாட்டுத்தான். ஞாயிறு ஆராதனை முடியப் போகிற நேரத்து உற்சாகம் அதில் இருக்கிறது.

பனிக்காடு எழுதியது:

வயலின் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். மறுபடி கேட்டேன், வரிகளுக்கு இடையில்தான் வருகிறது. விற்பனை பற்றிச் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும்: கம்பெனி முன்னால் தள்ளியது ‘எயின்ற் நோ சன்ஷைன்’ பாட்டை இல்லை. இசைத்தட்டின் முதல் பக்கத்தில் ‘ஹார்லெம்’ இருந்தது, இது பின் பக்கம். வானொலி அறிவிப்பாளர்கள் தட்டைத் திருப்பிப் போட்டுத்தான் இது ஓடியது. அமெரிக்கப் பட்டியலில் 3 ஆம் இடம் வரை போனது, அடுத்த வருடம் கிராமி விருது. ‘ஹார்லெம்’ பாவம், நல்ல பாட்டு. சுருதி படிப்படியாக மேலே ஏறிக்கொண்டே போகும்.

காங்கேசன் எழுதியது:

கேட்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். கடைசிப் பாட்டு ‘பெற்றர் ஒஃப் டெட்’. குடிகாரன் ஒருவன் பாடுவதாக எழுதியது. மனைவி பிள்ளைகளோடு போய்விட்டாள். பாட்டு துப்பாக்கிச் சத்தத்தோடு முடிகிறது. அதோடு அல்பமும் முடிகிறது.

எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரவு 11 மணிக்கு இருட்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சத்தம் வந்ததும் காதில் இருந்ததைப் பிடுங்கி எறிந்துவிட்டேன். அது சின்னச் சத்தம்தான். ஆனால் எங்களுடைய காது வேறு. நான் இப்போது 11 பாட்டோடு நிறுத்திவிடுவேன்.

மூன்றாம்காலம் எழுதியது:

நான் யுத்தம் முடிந்த பிறகு வளர்ந்தவள். எனக்கு அது ஒரு நாடகச் சத்தம் மாதிரித்தான் கேட்டது. ஆனால் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், குசினியில் இருந்து அம்மா ஓடி வந்தா. என்னது என்று கேட்டா. பாட்டு அம்மா என்றேன். பாட்டிலும் இதா என்று கேட்டுவிட்டுப் போய்விட்டா.

பனிக்காடு எழுதியது:

அப்படி ஒரு சத்தத்தோடு முதல் அல்பத்தை முடிக்க வேண்டிய தேவை என்ன? அந்தப் பாட்டை நடுவில் வைத்து, நல்ல ஒன்றைக் கடைசியில் போட்டிருக்கலாம்.

வட்டுக்கோட்டைக்காரி எழுதியது:

இல்லைத் தம்பி. அது கடைசியில்தான் இருக்க வேண்டும்.

நான் ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஒழுங்கையில் அந்தப் பாட்டில் வருகிற மனிதர்களை எனக்குத் தெரியும். கசிப்புக் குடித்து, வீட்டை உடைத்து, மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போன பிறகு திண்ணையில் தனியாக இருந்து அழுதவர்கள். அவர்களைப் பற்றி ஊர் பேசும், அவர்களுக்குள் இருந்து யாரும் பேசமாட்டார்கள். விதர்ஸ் உள்ளே இருந்து பாடுகிறார். அந்த மனிதனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவள் போனது சரி என்று அவனே சொல்கிறான்.

அல்பத்தின் தொடக்கத்திலேயே அந்த எண்ணம் இருக்கிறது. ‘எயின்ற் நோ சன்ஷைன்’ பாட்டுக்கு விதை போட்டது, குடியில் அழிந்துபோகிற கணவன் மனைவியைப் பற்றிய 1962 ஆம் ஆண்டுப் படம் ஒன்று. தனக்குக் கூடாது என்று தெரிந்தும் திரும்பப் போகிற மனம். ஒரு முனையில் அந்தப் பாட்டு, மற்ற முனையில் இந்தச் சத்தம். நடுவில் அம்மம்மாவின் கை. 20 வயதுப் பெடியனுக்கு இப்படி எழுத வராது. கடற்படையும் தொழிற்சாலையும் பார்த்த மனிதனுக்குத்தான் வரும்.

காங்கேசன் அண்ணை, நீங்கள் 11 பாட்டோடு நிறுத்துவது சரி. நானும் சில நாள் அப்படித்தான்.

நாலுகம்பி எழுதியது:

வட்டுக்கோட்டைப் பிள்ளை எழுதியதற்கு மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன், தம்பி அளவெட்டியானுக்காக. இசைத் தொழிலை நம்பி விதர்ஸ் தொழிற்சாலையை விடத் தயாராக இருக்கவில்லை. அல்பம் வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன் அங்கே ஆள் குறைத்தபோது இவருக்கும் வேலை போயிற்று. அப்புறம் ஒரே நேரத்தில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்று வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி. மற்றது ஜோனி கார்சனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பாடச் சொல்லி. பாட்டு பத்து இலட்சம் விற்றபோது கம்பெனி அவருக்குக் கொடுத்த பரிசு, தங்க நிறத்தில் ஒரு மலசலகூட இருக்கை. 2020 மார்ச்சில் 81 வயதில் இறந்தார். இங்கே ஊரடங்குக் காலம். செய்தி கேட்ட அன்று வீட்டுக்குள் இருந்து பேஸை எடுத்து ‘எயின்ற் நோ சன்ஷைன்’ வாசித்தேன், அம்ப்ளிஃபயர் இல்லாமல்.

சரி, வேலைக்கு வருவோம். தம்பி, நீர் எழுதின 11 பாட்டையும் இன்னும் வைத்திருக்கிறீரா?

அளவெட்டியான் எழுதியது:

வைத்திருக்கிறேன் அண்ணை. ஒன்றில் இரண்டாவது சரணம் இன்னும் எழுதி முடியவில்லை. அதுதான் உறுத்துகிறது.

நாலுகம்பி எழுதியது:

அதை எழுதி முடிக்காமலே கொண்டு வாரும்.

என் வீடு கோண்டாவிலில். நல்ல மைக் இரண்டு இருக்கிறது, ஒன்று குரலுக்கு, மற்றது கிற்றாருக்கு. பின் அறையில் நெல்லு மூட்டையும் பழைய மெத்தையும் கிடக்கின்றன, எதிரொலி வராது. ட்ரம்ஸ் வேண்டாம். மரப்பலகைப் பெட்டி ஒன்று இருக்கிறது, அதில் வெறுங்காலால் தட்டும். நான் பேஸ் வாசிப்பேன், தேவைப்பட்ட இடத்தில் மட்டும். ஒரு பாட்டுக்கு மூன்று தரம்தான் பாட விடுவேன். மூன்றில் எது உம்முடைய குரலாக இருக்கிறதோ அதை எடுப்போம். மெசினால் ஒன்றும் நேராக்க மாட்டேன்.

ஒரே ஒரு பிரச்சினை. பக்கத்துத் தோட்டத்தில் காலை ஆறரைக்கு இறைப்பு மெசின் தொடங்கிவிடும், பத்து மணி வரை நிற்காது. பின்னேரம் என்றால் கோயில் ஸ்பீக்கர். எனவே விடியப் புறம்தான் நேரம்.

மூன்றாம்காலம் எழுதியது:

நானும் வரலாமா அண்ணை? ஒன்றும் பாடமாட்டேன். முன்னால் உட்கார்ந்து கேட்கிறேன்.

நாலுகம்பி எழுதியது:

வாரும் பிள்ளை. தம்பிக்கு நேர் முன்னால் ஒரு கதிரை போட்டு வைக்கிறேன்.

அளவெட்டியான் எழுதியது:

ஞாயிறு ஐந்து மணிக்கு வந்துவிடுவேன். கடையை ஒன்பதுக்குத் திறந்தால் காணும். கிற்றாரில் மூன்றாம் தந்தி மாற்ற வேண்டும், நாளைக்கு வாங்கிவிடுகிறேன். கோண்டாவில் சந்தியில் இருந்து எந்த ஒழுங்கை என்று மட்டும் தனியாக எழுதிவிடுங்கள் அண்ணை.